ஆட்டிசம் இருந்தால் ஆம்புலன்ஸ் வேலைக்குப் போகக்கூடாதா?

கேள்வி: என் மகனுக்கு வயது 23. சிறு வயதிலேயே ஆட்டிசம் என்று கண்டறிந்தார்கள். அவசர மருத்துவ உதவியாளர் டிப்ளமோ முடித்திருக்கிறான். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆம்புலன்ஸ் பிரிவுக்கு நேர்காணலுக்குப் போனபோது ஆட்டிசம் பற்றி அவனே சொல்லிவிட்டான். "சைரன், கூட்டம் எல்லாம் உங்களுக்கு ஒத்துவராது" என்று வாய்வார்த்தையாகவே அனுப்பிவிட்டார்கள். சட்டப்படி இந்த வேலைக்கு அவன் போகவே முடியாதா? அடுத்த இடத்தில் மறைத்துவிடலாமா?
– ஒரு தாய், பெரம்பூர்

பதில்: போகக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, அம்மா. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் அட்டவணையில் ஆட்டிசமும் இருக்கிறது. குறைபாட்டைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கினால், நியாயமான ஒரு நோக்கத்துக்கு அது தேவைதான் என்று ஒதுக்கியவர் காட்ட வேண்டும் என்கிறது 3-வது பிரிவு. நோயாளியின் உயிர் நியாயமான நோக்கம்தான். ஆனால் உங்கள் மகனை ஒரு செய்முறைத் தேர்வுகூட வைத்துப் பார்க்காமல் ஊகத்தில் அனுப்பியதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. குறைபாட்டின் சதவீதத்தை மட்டும் வைத்து ஒருவரை எம்.பி.பி.எஸ். படிப்பிலிருந்து விலக்கக்கூடாது, அவரால் படிக்க முடியுமா என்று மருத்துவக் குழு பார்க்க வேண்டும் என 2024-இல் ஓம்கார் கோண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது படிப்பு பற்றிய தீர்ப்பு. வேலைக்கும் அதே வாதத்தை வைக்கலாம்.

தனியார் நிறுவனம் என்பதால் ஒரு சிக்கல் உண்டு. 4% இடஒதுக்கீடும் 20-வது பிரிவின் வேலைப் பாதுகாப்பும் அரசு நிறுவனங்களுக்குத்தான். தனியாரிடம் நாம் பிடிக்க வேண்டியது 21-வது பிரிவை. எல்லா நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட்டு, அதன் நகலை மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணிகளின் பட்டியலும் அதில் இருக்க வேண்டும். அந்த நகலைக் கேளுங்கள். இல்லை என்றால் அதையே புகாரின் முதல் பத்தியில் எழுதுங்கள்.

மறைக்கச் சொல்ல மாட்டேன். கேட்காதபோது தானாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் மருத்துவப் படிவத்தில் நேரடியாகக் கேட்டிருக்கும்போது "இல்லை" என்று எழுதினால், பொய்த் தகவல் என்று பின்னால் வேலையை விட்டே நீக்குவார்கள். சொல்லாத குறைக்கு வசதியும் கேட்க முடியாது.

அந்த வசதிகளில்தான் வழக்கின் உயிரே இருக்கிறது. பொதுவாக "உதவி செய்யுங்கள்" என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். சைரன் இரைச்சலைக் குறைத்து, வயர்லெஸ் பேச்சை மட்டும் கேட்கவிடும் காதடைப்பான்; மாதம் முழுக்க ஒரே ஷிப்ட், முடிந்தவரை அதே ஓட்டுநர்; நோயாளியை மருத்துவமனையில் ஒப்படைக்கும்போது பார்த்துச் சொல்ல ஓர் அச்சிட்ட படிவம்; கடுமையான கேஸ் முடிந்ததும் பத்து நிமிடம் தனியே இருக்க இடம். இப்படித் தனித்தனியாக எழுதுங்கள். நிறுவனத்துக்கு அளவுமீறிய சுமையாகாதவரை இவற்றைக் கேட்கலாம். ஸ்ட்ரெச்சர் தூக்குவது, சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தும் முதலுதவி) கொடுப்பது, நோயாளியிடமும் உறவினரிடமும் பேசுவது ஆகியவற்றிலிருந்து விலக்கு கேட்காதீர்கள். வேலையே அதுதான், அங்கே வாதம் உடைந்துவிடும்.

இன்றே மருத்துவமனைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நேர்காணல் நடந்த தேதி, சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தைக்குச் சாட்சி இல்லை. இந்த மின்னஞ்சல்தான் உங்கள் ஆவணம். சிறு வயதில் வாங்கிய மாற்றுத்திறனாளி சான்றிதழ் காலாவதியாகியிருந்தால் யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) தளத்தில் புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். மனநல மருத்துவரிடம் போகும்போது வேலை விவரக் குறிப்பைக் கையில் கொண்டுபோங்கள். அது இல்லாவிட்டால் "தகுதியில்லை" என்று ஒற்றை வரியில் எழுதிவிடுவார்கள். ஒவ்வொரு பணியையும் அவனால் செய்ய முடியுமா, எந்த வசதியோடு முடியும் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

பதில் வராவிட்டால், இவற்றை இணைத்து மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனு கொடுங்கள். ஆணையர் நிறுவனத்தை அழைத்து ஆவணங்களைக் கேட்க முடியும். அவருடைய பரிந்துரையை நிறுவனம் ஏற்காவிட்டால், அதற்கான காரணத்தை 3 மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். உங்களுக்கும் சொல்ல வேண்டும். வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சான்றிதழ் நகலோடு விண்ணப்பியுங்கள்.