முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு பிசியோதெரபியில் கரண்ட் வைக்கிறார்களே, உண்மையில் பலன் உண்டா?

உண்டு. ஆனால் எந்தக் கரண்ட், எதற்காக வைக்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிசியோதெரபிஸ்டாக நான் தினமும் எதிர்கொள்ளும் கேள்வி இது.

வலிக்கு வைப்பது டென்ஸ் (TENS), அதாவது தோல் வழியாக நரம்பைத் தூண்டும் மெல்லிய கரண்ட். பெரும்பாலும் நொடிக்கு 80 முதல் 120 துடிப்பு. தோலில் சுறுசுறுவென்று இருக்கும், தசை இழுக்காது. தொடு உணர்வைக் கொண்டுபோகும் நரம்புகளைத் தூண்டி, வலிச் செய்தியைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்துவது இதன் வேலை. 1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்ன ‘வாசல் கதவு’ (gate control) கோட்பாடுதான் அடிப்படை. இடித்துக்கொண்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி கொஞ்சம் அடங்குகிறதல்லவா, அதுபோலத்தான். மெஷினை எடுத்த சிறிது நேரத்தில் வலி திரும்பலாம். அதற்குள் பயிற்சியைச் செய்துவிட வேண்டும்.

தொடைத் தசைக்கு வைக்கும் ஸ்டிமுலேஷன் வேறு. ஆபரேஷன் ஆன முட்டி வீங்கியிருக்கும்போது, தொடையின் முன்தசைக்கு வரும் நரம்புக் கட்டளையை உடம்பே அடக்கிவிடுகிறது. “முட்டியை இறுக்குங்க” என்றால் முகம்தான் இறுகும், தொடை அப்படியே கிடக்கும். அப்போது கரண்ட் பாயும் ஒட்டுப்பட்டை (பேட்) ஒன்றைத் தொடையின் மேல்பகுதியிலும், இன்னொன்றை முட்டிக்குச் சற்று மேலே உள்பக்கத்திலும் ஒட்டி, 50 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 50 துடிப்பு) கரண்டை மெல்ல ஏற்றுவேன். தசை திரண்டு எழும்பும். முட்டிச் சில்லு மேலே நகர்வதை நோயாளியே பார்க்கலாம். பல நாளாகத் தன் பேச்சைக் கேட்காத கால் அசைவதைப் பார்க்கும்போது அவர்கள் முகத்தில் வரும் தெம்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

அந்த நொடியில் நீங்களும் சேர்ந்து இறுக்க வேண்டும். 10 நொடி இறுக்கம், 50 நொடி ஓய்வு என்பது வழக்கமான ஒரு கணக்கு. போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் பெரிய பலன் கிடைக்காது. தோலில் லேசாகச் சுறுசுறுவென்று இருந்தால் மட்டும் போதாது. தாங்கக்கூடிய அளவுக்கு நன்றாகவே இழுக்க வேண்டும்.

பேஸ்மேக்கர், காலில் ரத்தக்கட்டி, புற்றுநோய், கர்ப்பம், வலிப்பு, மரத்துப்போன தோல், இவற்றில் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கழுத்தின் முன்பக்கம் பேட் ஒட்டவே கூடாது.

அடுத்த முறை போகும்போது “இது வலிக்கா, தசைக்கா?” என்று கேளுங்கள். வாரக்கணக்கில் கரண்ட் மட்டும் வைத்து, பயிற்சியே இல்லாமல் அனுப்பினால், ஏன் என்று தயங்காமல் கேளுங்கள்.