12 வயது மகளைத் தடகளப் பயிற்சியில் சேர்க்க ஆசை. எங்கே சேர்ப்பது, பயிற்சி எப்படி இருக்கும்?

கேள்வியோடு நீங்கள் கொடுத்திருக்கும் விவரம்: ஏழாம் வகுப்பு, பள்ளி விளையாட்டு விழாவில் 100 மீட்டரில் முதல் பரிசு, அதனால் ஸ்பிரிண்டுக்கு, அதாவது குறுந்தூர ஓட்டத்துக்கு, தயார் செய்ய ஆசை, கூடவே படிப்பு கெட்டுவிடுமோ என்ற பயம். மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் அச்சு அசலாக இதே நிலையில்தான் இருந்தேன். என் மகளும் அப்போது ஏழாவது, அவளும் 100 மீட்டரில் முதல். பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள், இன்றும் அதில்தான் சாப்பாடு கொண்டு போகிறாள். நாங்கள் திருச்சி. எனக்கும் ஓட்டத்துக்கும் பஸ் பிடிப்பதைத் தாண்டி எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆகவே இது பயிற்சியாளர் சொல்லும் பதில் இல்லை, காலரிப் படியில் உட்கார்ந்து பார்த்த ஒரு அம்மாவின் பதில்.

ஸ்பிரிண்ட் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பள்ளி மைதானத்தில் முப்பது பிள்ளைகளுக்குள் முதலாவதாக வருவது, அந்த வயதில் பெரும்பாலும் யார் கொஞ்சம் முன்னால் வளர்ந்துவிட்டார்கள் என்பதைத்தான் காட்டும். இது எனக்குத் தெரியவே ஒரு வருடம் ஆனது. கோயம்புத்தூர் ராம்ராஜ் சகோதரிகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், இரட்டைப் பிள்ளைகள். ஒரே வீடு, ஒரே சாப்பாடு. நித்யா 100 மீட்டர் தடை ஓட்டத்துக்குப் போனார், வித்யா 400 மீட்டர் தடை ஓட்டத்துக்குப் போனார். 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா ஓடிய 55.42 விநாடியை 2023இல் வித்யா அப்படியே சமன் செய்தார். இரட்டையருக்கே ஈவண்ட் வேறாக இருக்கும்போது, ஒரு டிபன் பாக்ஸை வைத்து நாம் என்ன முடிவெடுப்பது?

சேர்ப்பது பெரிய வேலை இல்லை. முதலில் பள்ளியின் பி.இ.டி. சாரிடமோ டீச்சரிடமோ பேசுங்கள். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று போகும் பள்ளிப் போட்டிகளுக்குப் பெயர் கொடுப்பது அவர்கள்தான். அவர்கள் தயவில்லாமல் ஒன்றும் நகராது. அடுத்து உங்கள் மாவட்ட விளையாட்டரங்கம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் அங்கே இருக்கலாம். அதே கிரவுண்டில் தனியார் கிளப்புகளும் பயிற்சி கொடுக்கும். கிளப் என்றால் மாவட்டத் தடகளச் சங்கத்தில் பதிவு செய்ததா என்று கேளுங்கள். பள்ளிக்கு வெளியே நடக்கும் மீட்களுக்கு (தடகளப் போட்டிகளுக்கு) என்ட்ரி போக அது வேண்டும். நாங்கள் கட்டுவது மாதம் 600 ரூபாய்.

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு நாள் சாயங்காலம் சும்மா போய் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் மகள் வயதில் எத்தனை பெண் பிள்ளைகள் வருகிறார்கள்? கழிப்பறை திறந்திருக்கிறதா, இல்லை பூட்டிய கதவில் பூட்டே துருப்பிடித்துக் கிடக்கிறதா? (சிரிக்காதீர்கள். தண்ணீர் குடித்தால் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரே குடிக்காமல் ஓடும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.) சின்னப் பிள்ளைகளையும் பெரிய பிள்ளைகளையும் ஒரே வேலை வாங்குகிறார்களா? நாங்கள் முதலில் சேர்ந்த இடத்தில் 12 வயதும் 17 வயதும் சேர்ந்து ஓடின. ஒவ்வொரு ரவுண்டுக்கும் டைமிங்கைச் சத்தமாகச் சொல்வார்கள், கடைசியாக வந்தவருக்கு இன்னொரு ரவுண்டு. எனக்கு அப்போது அது ரொம்ப ஒழுக்கமான இடமாகத் தெரிந்தது. மூன்றாவது வாரம் மகள் ஸ்கூட்டியை விட்டு இறங்க மாட்டேன் என்றாள்.

இரண்டாவதாகப் போன இடத்தில் நேர் எதிர். முதல் மூன்று மாதம் பயிற்சியாளர் சார் ஸ்டாப்வாட்சை வெளியே எடுக்கவே இல்லை. பத்து நிமிடம் மெதுவாக ஓட்டம், ஸ்ட்ரெச்சிங், அப்புறம் டிரில்: முழங்காலை இடுப்பு வரை தூக்குவது, குதிகாலால் பின்பக்கம் தொடுவது, ஏ ஸ்கிப், பி ஸ்கிப் என்று துள்ளித் துள்ளிப் போவது. பி.வி.சி. பைப்பை வெட்டி முழங்கால் உயரம்கூட வராத குட்டித் தடைகள் செய்து வைத்திருந்தார். அதன் மேல் ஒரு எட்டுக்கு ஒரு தடை என்று டக் டக்கென்று போக வேண்டும். ஒரு நாள் மணல் குழியில் நீளம் தாண்டுதல், ஒரு நாள் மெடிசின் பால் என்ற கனமான பந்தைத் தலைக்கு மேலாகப் பின்னால் வீசுவது, சனிக்கிழமை என்றால் கோ-கோ. “அம்மா, அங்க ஓடவே விட மாட்டேங்கிறாங்க” என்று மகள் புகார். நானும் போய்க் கேட்டேன். “மேடம், கோலம் போடறதுக்கு முன்னாடி வாசல் பெருக்குவீங்கல்ல? இப்ப பெருக்கிட்டு இருக்கோம்” என்றார்.

அவர் சொந்த யோசனை என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, மாவட்டங்களுக்கு இடையிலான தேசிய ஜூனியர் போட்டியில் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்தியத் தடகளக் கூட்டமைப்பே டிரையத்லான் என்று மூன்றும் சேர்ந்த போட்டி வைத்திருக்கிறது. 60 மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல், கூடவே உயரம் தாண்டுதல், 600 மீட்டர் மாதிரி மூன்றாவதாக ஒன்று. இந்த வயதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம் என்பதுதான் கணக்கு.

இங்கே நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். கிரவுண்டில் “ஓட விடுவதில்லை” என்பதால், நாமே கொஞ்சம் ஓட வைப்போமே என்று சாயங்காலம் எங்கள் காலனி சிமெண்ட் ரோட்டில் தினமும் எட்டு ரவுண்டு ஓட வைத்தேன். ஐந்து வாரம் போயிருக்கும். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்பக்கமாக வலி. விரலால் அழுத்தினால் துள்ளினாள். சார் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு அவளிடம் எதுவும் கேட்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். “வீட்ல தனியா ஓட விடறீங்களா?” ஷின் பெயின் என்பது கிரவுண்டில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை. மூச்சும் தசையும் சீக்கிரம் பழகிவிடும், எலும்பு பழகக் கூடுதல் நாள் கேட்கும். அதற்குள் கெட்டித் தரையில் தூரத்தைக் கூட்டினால் எலும்பு முரண்டு பிடிக்கும். ஆறு வாரம் ஓட்டம் இல்லை, சைக்கிள் மட்டும். அந்த ஆறு வாரமும் அவள் காலரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து மற்ற பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதைவிடத் தண்டனை வேண்டாம்.

அவளுடைய ஈவண்ட் எது என்று தெரிந்தது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. 150 மீட்டரை நான்கு தடவை ஓட வேண்டும், நடுவில் நடந்தே திரும்பி வர வேண்டும். ஏழு பிள்ளைகள். முதல் தடவை இவள் ஐந்தாவது. இரண்டாவது தடவையும் ஐந்தாவது. மூன்றாவதில் இரண்டாவது, நான்காவதில் முதல். இவள் வேகம் கூடவில்லை, மற்றவர்கள் குறைந்தார்கள், இவள் அப்படியே இருந்தாள். சார் பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். பள்ளிப் போட்டிகளில் 14 வயதுக்குட்பட்டோருக்கு 600 மீட்டர் உண்டு. அடுத்த குறுவட்டப் போட்டியில் அதற்குத்தான் பெயர் போனது. 100 மீட்டரில் ஹீட்ஸ் என்ற முதல் சுற்றோடு வெளியே வந்தவள், 600இல் இரண்டாவதாக வந்தாள். இன்றைக்கு 800 ஓடுகிறாள். நான் நினைத்தபடி ஸ்பிரிண்ட் மட்டும் என்று விட்டிருந்தால் இந்நேரம் நின்றே போயிருப்பாள்.

வயதுப் பிரிவில் எல்லாரும் குழம்புவார்கள். பள்ளிப் போட்டிகளில் 14, 17, 19. கூட்டமைப்பு வழி நடக்கும் மீட்களில் 14, 16, 18, 20. எந்தத் தேதியை வைத்து வயதைக் கணக்கிடுகிறார்கள் என்று ஒவ்வொரு சுற்றறிக்கையிலும் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் தேதியும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்களுக்கு இனிஷியலில் தகராறு, அதனால் ஒரு மீட்டே போனது. “ஒரு வயசு குறைச்சுப் போட்டுக்கலாம், எல்லாரும் செய்யறதுதான்” என்று காலரியில் யாராவது காதில் ஓதுவார்கள். எனக்கும் ஓதினார்கள். எலும்பு எக்ஸ்ரே எடுத்து வயதைப் பார்க்கும் சோதனை இருக்கிறது என்பது ஒரு பக்கம். பொய் சொல்லி ஜெயிக்கலாம் என்று 12 வயதில் நாமே சொல்லிக்கொடுப்பது இன்னொரு பக்கம்.

ஷூவுக்கு அவசரப்படாதீர்கள். மதுரை சக்கிமங்கலம் ரேவதி வெறுங்காலில் ஓடிப் பழகி டோக்கியோ ஒலிம்பிக் வரை போனவர். அதற்காக வெறுங்காலில் விடச் சொல்லவில்லை. அளவு சரியான சாதாரண ரன்னிங் ஷூ முதல் வருடத்துக்குப் போதும் என்கிறேன். ஸ்பைக்ஸ் (அடியில் குட்டி ஆணிகள் வைத்த ஓட்ட ஷூ) வாங்கும்போது அந்த ஆணியின், அதாவது பின்னின், நீளத்தைக் கவனியுங்கள். சிந்தடிக் டிராக்கில் ஓட்டத்துக்கு 9 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, மண் டிராக் என்றால் நீளமான பின் போடலாம். நான் 2,800 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்ததில் 12 மில்லிமீட்டர் பின் இருந்தது. மீட் அன்று, ஓட்டத்துக்கு முன் பெயர் கூப்பிட்டுச் சரிபார்க்கும் ‘கால் ரூமில்’ (call room) நிறுத்திவிட்டார்கள். கூட வந்த ஒரு பெண் தன் டப்பாவிலிருந்து பின் எடுத்துக் கொடுக்க, சாவி போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிக்கொண்டு கடைசி ஆளாக லேனுக்குப் போனாள்.

மீட் நாள் என்றால் காத்திருப்பது. காலை ஆறு மணிக்கு ரிப்போர்ட், ஓட்டம் பதினொன்றரைக்கு, அது இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும். குடை, பாய், தண்ணீர், செஸ்ட் நம்பர் குத்த நாலு ஊக்கு, வாழைப்பழம், இட்லி. புதிதாக எதையும் அன்றைக்குச் சாப்பிடக் கொடுக்காதீர்கள்.

ரிலேயில் மட்டும் எப்படியாவது இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். தனியாக ஓடும் விளையாட்டில் பிள்ளைகள் அணியாக மாறுவது அங்கேதான். நான்கு பேர் ஆளுக்கு 100 மீட்டர் ஓடும் 4x100இல் பேட்டன் என்ற குச்சியைக் கை மாற்ற 30 மீட்டர் இடம். அதன் தொடக்கத்திலிருந்து என் மகள் பின்னோக்கிக் குதிகால், விரல், குதிகால், விரல் என்று ஒட்டி ஒட்டி வைத்து இருபது அடி எண்ணுவாள். அங்கே வெள்ளை பிளாஸ்டர் ஒரு துண்டு ஒட்டுவாள். ஓடி வருகிறவள் அந்த பிளாஸ்டரை மிதித்த நொடியில் இவள் கிளம்ப வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. “கை!” என்று பின்னாலிருந்து சத்தம் வந்ததும் கையைப் பின்னால் நீட்ட வேண்டும், பேட்டன் வந்துவிடும் என்று நம்பி. பக்கத்து வீட்டுக்குப் போகவே மூன்று தடவை கூப்பிட வேண்டிய பிள்ளை, இதற்கு ஒரே சத்தத்தில் நீட்டுகிறாள்.

சாப்பாட்டில் மாயமந்திரம் இல்லை. முட்டை, ஊறவைத்த கொண்டைக்கடலை, கேழ்வரகு, கீரை, நேரத்துக்குத் தூக்கம். ஆனால் பெண் பிள்ளை என்பதால் ஒன்று: ரத்தம் டெஸ்ட் செய்து பாருங்கள். எட்டாம் வகுப்பில் மாதவிலக்கு ஆரம்பித்த பிறகு இவள் டைமிங் மளமளவென்று சரிந்தது. சோம்பல் என்று திட்டினேன். சார்தான் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 9.4தான், ரத்தசோகை. பள்ளியில் வாராவாரம் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியாக வீசியிருக்கிறாள் என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், மூன்று மாதத்தில் பழைய நிலைக்கு வந்தாள். டப்பாவில் வரும் பவுடர்களைக் கிரவுண்டில் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 2019இல் தோகாவில் ஆசியத் தங்கம் வாங்கிய எங்கள் திருச்சிப் பக்கத்து வீராங்கனையின் பதக்கம் ஊக்கமருந்துச் சோதனையில் போனபோது, எங்கள் காலரியே பல நாள் பேச்சில்லாமல் இருந்தது.

விளையாட்டு விடுதி பற்றியும் கேட்பீர்கள். 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேர்க்கை உண்டு, கோடை விடுமுறையை ஒட்டி அறிவிப்பு வரும். நாங்கள் அனுப்பவில்லை. காரணம் விடுதி இல்லை, நான்தான்.

படிப்பு? கெடவில்லை, ஆனால் பிரமாதமாக ஏறியும் விடவில்லை. காலை ஐந்தரைக்குக் கிரவுண்டில் இருக்க வேண்டிய பிள்ளை இரவு ஒன்பதரைக்குப் படுத்துவிடுவாள், போன் தானாகக் குறைந்தது. இந்த வருடம் பத்தாம் வகுப்பு. டிசம்பரோடு வாரம் மூன்று நாளாகக் குறைத்தோம், இப்போது பரீட்சை முடியும் வரை முழுக்க நிறுத்தியாயிற்று. சார் முகம் சுளிக்கவில்லை, “ஏப்ரல் ரெண்டாவது வாரம் வா, மறுபடியும் டிரில்லேருந்து ஆரம்பிக்கலாம்” என்றார். நேற்று கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு என்ன செய்கிறாள் என்று பார்த்தால், ஸ்பைக்ஸ் பின் எல்லாவற்றையும் கழற்றி, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, எண்ணி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள்.