குதிரை வண்டி இல்லாத மென்னோனைட்டுகள் – கடிதம்

வணக்கம் சார்,

போன கட்டுரையில, 1688ல அடிமை முறைக்கு எதிரா வந்த மனுவ அமெரிக்காவுல இருக்கற ஜெர்மன்டவுன் மென்னோனைட் கிறிஸ்தவ சபை எழுதினதா போட்டிருக்கீங்க. அது க்வேக்கர்கள்ங்கற வேற கிறிஸ்தவப் பிரிவு எழுதினதுன்னு தான் நான் படிச்சேன். அப்புறம் மென்னோனைட்னா கரண்ட் கூட வேணாம்னு குதிரை வண்டியில போறவங்க தானே, பிலடெல்பியா சிட்டிக்குள்ள அவங்களுக்கு என்ன வேலை?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

தப்பு என்னோடது தான், ஏதோ வேகத்துல எழுதிட்டேன். கையெழுத்து போட்ட நாலு பேரும் க்வேக்கர் கூட்டத்துக்குப் போனவங்க, அதுல சிலரோட குடும்பம் முன்னாடி மென்னோனைட்டா இருந்தது, அதனால ரெண்டு பக்கமும் சொந்தம் கொண்டாடுறாங்க. நம்மள ஒருத்தன் புடிச்சு வித்தா ஒத்துக்குவோமாங்கறது தான் மனுவோட சாரம். உள்ளூர் கூட்டம் இது எங்களால ஆகாதுன்னு மேல அனுப்ப, அவங்க அதுக்கும் மேல அனுப்ப, தாலுகா ஆபீஸ் ஃபைல் மாதிரி சுத்தி கடைசில யாரும் முடிவே சொல்லல. அடிமை வெச்சிருக்கறவங்கள சேர்த்துக்க மாட்டோம்னு பிலடெல்பியா க்வேக்கர்கள் சொல்ல 1776 ஆயிடுச்சு.

குதிரை வண்டின்னு நீங்க சொல்றது ஆமிஷ்ங்கற இன்னொரு பிரிவு, மென்னோனைட்லயும் பழசை விடாத சில பிரிவு உண்டு. ஜெர்மன்டவுன்காரங்க சிட்டிக்குப் போகல, சிட்டி தான் இவங்கள தேடி வந்துச்சு. 1683ல ஜெர்மனியில இருக்கற க்ரெஃபெல்ட்ல இருந்து கப்பல்ல வந்த 13 குடும்பம் போட்ட தனி ஊர் ஜெர்மன்டவுன், 1854ல தான் பிலடெல்பியாவோட சேர்த்தாங்க. மென்னோனைட் சபையோட முதல் போதகர் வில்லியம் ரிட்டன்ஹவுஸுக்குப் பிழைப்பு காகித ஆலை, 1690ல ஆரம்பிச்சது, அங்க இருந்த பிரிட்டிஷ் காலனிகள்லயே முதல் ஆலை. கந்தல் துணிய ஊற வெச்சு, இடிச்சு, கூழாக்கி, சல்லடையில அள்ளி தாளா காய வைக்கணும். 1708ல மரத்துல ஒரு சின்ன ஜெபவீடு கட்டினாங்க, அதே இடத்துல 1770ல கட்டின கல் கட்டடம் இன்னும் நிக்குது.

ஆயுதமே தொட மாட்டோம்னு இருந்த சபை பாருங்க, 1777ல அமெரிக்க சுதந்திரப் போர்ல அவங்க கல்லறை மதில் பின்னாடி ஒளிஞ்சிருந்த ஒருத்தன் சுட்டு தான் ஜெனரல் அக்னியூங்கற பிரிட்டிஷ்காரர் செத்தார்னு சொல்றாங்க.

எனக்கு இதெல்லாத்தையும் விட 1997 தான் உறுத்துது. ஓரினச்சேர்க்கையாளர்கள முழு உறுப்பினரா சேர்த்துக்கிட்டாங்கன்னு, வட அமெரிக்காவுலயே பழைய மென்னோனைட் சபையான இந்த ஜெர்மன்டவுன் சபைய, அவங்க கான்ஃபரன்ஸே (சபைகளோட கூட்டமைப்பு) வெளிய தள்ளிடுச்சு. சபை கலையல, சேர்த்தவங்களையும் அனுப்பல.

பழைய கட்டுரையில திருத்தம் போட்டுட்டேன், நன்றி.