பத்திர எழுத்தரின் மகளுக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

நான் திருநெல்வேலியில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதுகிறார். எனக்குக் கோர்ட்டில் வாதாடுவதைவிடக் கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எழுதும் வேலையில்தான் நாட்டம். அதெல்லாம் தேசியச் சட்டப் பள்ளி மாணவர்களுக்குத்தான் என்கிறார்கள் சீனியர்கள். உண்மையில் அங்கே என்ன வேலை? போனபின் கோர்ட்டுக்குத் திரும்ப முடியுமா?

கார்த்திகா

அன்புள்ள கார்த்திகா,

உங்கள் சீனியர்கள் சொல்வதில் பாதி உண்மை. பெரிய சட்ட நிறுவனங்கள் வளாகத் தேர்வு மூலம் ஆளெடுக்கப் பெரும்பாலும் சில கல்லூரிகளுக்கே போகின்றன. மற்றவர்கள் இன்டர்ன்ஷிப் வழியாகத்தான் நுழைய வேண்டியிருக்கிறது. ஆனால் நுழைந்தபின் செய்யும் வேலை உங்களுக்குப் புதிதல்ல.

அப்பா எழுதும் கிரயப் பத்திரத்தில் இப்படி ஒரு வரி இருக்கும்: சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை, பின்னிட்டு ஏதேனும் தெரியவந்தால் நானே முன்னின்று என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுப்பேன். ஒரு கம்பெனியின் பங்குகளை இன்னொரு கம்பெனி வாங்கும் ஒப்பந்தத்தில் இந்த ஒற்றை வரிதான் பல பக்கங்களாக விரிகிறது. முற்பாதி வாரன்ட்டி, அதாவது உறுதிமொழி; பிற்பாதி இன்டெம்னிட்டி, அதாவது இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பு (1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 124ஆம் பிரிவைப் பாருங்கள்). எத்தனை ஆண்டுகளுக்குள் இழப்பீடு கேட்கலாம், எவ்வளவு தொகை வரை கேட்கலாம் என்பதில்தான் இரு தரப்பு வழக்கறிஞர்களும் நள்ளிரவு வரை இழுபறி நடத்துவார்கள். கோட்டு போட்டுக் கைகுலுக்குவதெல்லாம் கடைசி நாளில். அன்றைக்கு ஜூனியரை யாரும் கூப்பிடுவதுகூட இல்லை.

ஜூனியரின் வேலை அதற்கு முன்பே, வில்லங்கம் பார்ப்பதில் தொடங்குகிறது. அடமானக் கடனைக் கட்டி முடித்தும் ரத்து ரசீதைப் பதியாமல் விட்டால் அது வில்லங்கச் சான்றில் நின்றுகொண்டே இருப்பதை அப்பா எத்தனையோ முறை பார்த்திருப்பார். அதேபோல, வங்கிக் கடனை அடைத்தும், கம்பெனிகளின் பதிவுகளை வைத்திருக்கும் நிறுமப் பதிவாளரிடம் அதைத் தெரிவிக்காத கம்பெனிகள் ஏராளம். நான் ஜூனியராக இருந்தபோது ஒரு தொழிற்சாலையின் குத்தகைப் பத்திரத்தைப் படித்தேன். கம்பெனியின் பங்குகள் கைமாறினால் நிலச் சொந்தக்காரரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்று, வாடகை உயர்வு பற்றிய பத்திக்குள் ஒரு வாக்கியம் ஒளிந்திருந்தது. அந்த ஒப்புதல் வரும்வரை மூன்று வாரம் கையெழுத்து தள்ளிப்போனது.

ஆகவே ஒப்பந்தச் சட்டத்தின் முதல் 75 பிரிவுகளை ஊன்றிப் படியுங்கள். தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்கள் பற்றிய 27ஆம் பிரிவும், மீறினால் தர வேண்டும் என்று முன்பே குறித்த தொகை பற்றிய 74ஆம் பிரிவும் தினமும் கைகொடுக்கும். அடுத்து 2013ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தில் பங்கு வெளியீடு பற்றிய 42, 62ஆம் பிரிவுகள். பங்குச் சந்தைக்கு வரும் கம்பெனிகளின் வரைவு விளக்க அறிக்கைகள் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து, நிலுவை வழக்குகள் பற்றிய அத்தியாயத்தை மட்டும் முழுதாக வாசியுங்கள். பேலன்ஸ் ஷீட் படிக்கவும் பழகுங்கள். நான் அதைத் தாமதமாகக் கற்று அவமானப்பட்டவன்.

கோர்ட்டுக்குத் திரும்புவது நீங்கள் எங்கே சேர்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சட்ட நிறுவனத்தில் தொழில்முறைக் கட்டணம் பெறும் வழக்கறிஞராக இருந்தால் பார் கவுன்சிலில் உங்கள் வழக்கறிஞர் பதிவு நீடிக்கும். ஒரு கம்பெனியின் சட்டத் துறையில் முழுநேரச் சம்பளத்துக்குச் சேர்ந்தால், இந்திய பார் கவுன்சில் விதி 49இன்படி, அந்தக் காலத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது. பதிவை நிறுத்திவைக்க வேண்டும். வேலையை விட்டபின் விண்ணப்பித்து மீண்டும் தொடரலாம். ஆனால் சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நிறுத்திவைத்த ஆண்டுகள் அந்தக் கணக்கில் சேராது. நீதிபதியாகும் எண்ணம் மனதில் ஒரு மூலையில் இருந்தாலும், முதல் மூன்றாண்டுகளைக் கோர்ட்டில் கழித்துவிட்டுக் கம்பெனிப் பக்கம் போங்கள்.

அன்புடன்