பெயரில் முக்காற்புள்ளி இருந்தால் கியூஇமு இமேஜைத் திறக்காதது ஏன்

வணக்கம் அண்ணா. சாட்ஸ்வொர்த் தமிழ்ப் பள்ளியின் பழைய கணினியிலிருந்து எடுத்த ரா இமேஜுக்கு (வட்டை அப்படியே நகலெடுத்த கோப்புக்கு) 'டர்பன்:பள்ளி,பழையது' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள், மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருளான கியூஇமு 'தெரியாத புரோட்டோகால்' என்று சொல்லித் திறக்க மறுக்கிறது, அதுதானே? கோப்பு கெடவில்லை, பயப்படாதீர்கள். முதல் சாய்கோட்டுக்கு முன்பே முக்காற்புள்ளி வந்தால், அதற்கு முன்னால் இருப்பதை நெட்வொர்க் வழியாகத் தரவை எடுக்கும் என்பிடி, எச்டிடிபி போல ஒரு புரோட்டோகாலின் பெயர் என்று கியூஇமு எடுத்துக்கொள்ளும், அதனால் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் சேருங்கள், இல்லை முழுப் பாதையையும் கொடுங்கள். அப்புறம் அந்தக் கமா. கியூஇமு கட்டளையில் வட்டைக் குறிப்பிடும் டிரைவ் ஆப்ஷனில் அதை இரண்டு தடவை எழுத வேண்டும், இல்லாவிட்டால் பெயர் அங்கேயே வெட்டுப்படும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு இதுதான் பெரிய கவலை: ஃபார்மட் 'ரா' என்று நீங்களே குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் கியூஇமு கோப்பின் தொடக்கத்தைப் பார்த்து ஊகிக்கும், உள்ளே ஓடும் கெஸ்ட் (மெய்நிகர் கணினியின் இயங்குதளம்) அங்கே கியூகவ்2 என்ற வேறு இமேஜ் ஃபார்மட்டின் ஹெடரை, அதாவது தொடக்கக் குறிப்பை, எழுதிவிட்டால் அடுத்த முறை உங்கள் கணினியின் வேறொரு கோப்பையே பேக்கிங் ஃபைலாக, அதாவது இமேஜுக்கு அடியில் இருக்கும் அடிப்படைக் கோப்பாகத் திறக்க வைக்கலாம். புதிய பதிப்புகள் எச்சரித்து அப்படி எழுதுவதைக் கட்டுப்படுத்துகின்றன, இருந்தாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

பள்ளியின் ஒரே பிரதி என்பதால் அசலைத் தொடாமல், மாற்றங்களை மட்டும் தனிக் கோப்பில் வைக்கும் ஓவர்லே போட்டு வேலை செய்யுங்கள். அதில் கொடுக்கும் பேக்கிங் பெயர் ஓவர்லே இருக்கும் ஃபோல்டரிலிருந்துதான் தேடப்படும், நீங்கள் நிற்கும் ஃபோல்டரிலிருந்து அல்ல.