வடக்குக்கு ஒரு காட்டுயிர்ப் பாதுகாப்புத் திட்டம்: கேள்வி பதில்

வடமாகாணத்துக்குத் திட்டம் எழுதினால் விலங்குகள், பறவைகளின் பட்டியலில் இருந்துதானே தொடங்க வேண்டும்? (ஆசிரியை, சாவகச்சேரி)

பட்டியல் பிறகு வரட்டும் ரீச்சர், முதலில் தண்ணீர். குடாநாட்டில் பெருங்காடு இல்லை. களப்பு, தரவை, குளம், பனங்கூடல்தான். உப்பாறு, தொண்டைமானாறு களப்புகளில் எந்த மாதம் எவ்வளவு நன்னீர் இறங்குகிறது, எந்த மதகு தூர்ந்து கிடக்கிறது என்பதை வரைபடத்தில் குறியுங்கள். பூநாரை ஆழமில்லாத நீரில் மேய்கிற பறவை. நீர்மட்டம் மாறினால், வேலி போட்டுக் காத்தாலும் நிற்காது.

சுண்டிக்குளம் முன்பு சரணாலயம், இப்போது தேசியப் பூங்கா. பக்கத்தில் காணி இருக்கிறது, எனக்கென்ன வித்தியாசம்? (கட்டைக்காடு)

1938 இல் சரணாலயம், 2015 இல் தேசியப் பூங்கா. சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம். வழமையான தொழிலும் நடக்கலாம். பூங்கா அரச காணியில் மட்டுமே அமையும். உள்ளே போக அனுமதி வேண்டும். எல்லையில் இருந்து 1 மைலுக்குள் அபிவிருத்தி வேலை என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் முன்அனுமதியும் தேவை. காணி உறுதியைப் பார்க்காமல் மேசையில் இருந்தபடி பூங்கா எல்லைக் கோடு கீறினால் பிணக்கு அங்கேயே தொடங்கிவிடும். காணி உறுதி, நில அளவைப் படம் இரண்டையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

பாடசாலைப் பிள்ளைகளோடு 500 கண்டல் நட இருக்கிறோம். எங்கே நடலாம், அண்ணை? (அராலி)

500 என்ற கணக்கை விடுங்கோ தம்பி. இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களைப் பின்னர் ஆராய்ந்தபோது 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. எங்கள் களப்புகளில் வற்றுப்பெருக்கு வித்தியாசம் சிறியது. அதனால் ஒரு சாண் பள்ளத்தில் நட்டாலே கன்று மூழ்கி அழுகும். ஒரு சாண் மேட்டில் நட்டால் ஆடி வெயிலில் உப்புப் பூத்துக் கருகும்.

10 செ.மீ.க்கு ஒரு கோடு போட்ட கம்பு இரண்டு எடுங்கள். ஒன்றைத் தானாக வளர்ந்து நிற்கும் வெண்கண்டலின் அடியிலும் மற்றதை நடப்போகும் இடத்திலும் ஊன்றி, பறுவம், அமாவாசை, இடைப்பட்ட நாட்கள் என்று ஒரு மாதம் நீர்மட்டத்தைக் குறியுங்கள். இரண்டும் ஒத்துவந்தால் நடலாம். ஒத்துவராவிட்டால் தெருவுக்குக் கீழே அடைபட்ட மதகைத் தேடுங்கள். அதைத் திறந்தால் விதை மிதந்து வந்து தானே முளைக்கும். நடும் செலவே இல்லை. மாடு மிதிக்கும் இடமென்றால் முதல் இரண்டு வருடம் வேலி கட்டாயம். வெறும் சேற்றுவெட்டையில் மட்டும் நடாதீர்கள், அது வலசைப் பறவைகளின் சாப்பாட்டு மேசை.

பறவைக் கணக்கெடுப்பு தை மாதம் மட்டும் போதாதா?

போதாது. ஐப்பசியில் வந்து இறங்குபவை, பங்குனியில் கிளம்புபவை வேறு வேறு. மூன்று முறை எண்ணுங்கள்: அதே இடம், அதே நீர்மட்டம், வெயில் முதுகுப்பக்கம்.

களப்பை நிரப்பிக் கட்டடம் வருகிறதாம். ஆட்சேபிக்க வழியுண்டா? (மண்டைதீவு)

4 ஹெக்டேயருக்கு மேல் ஈரநிலம் நிரப்புவது சூழல் அனுமதி பெறவேண்டிய வேலை. சூழல் தாக்க மதிப்பீடு கேட்டிருந்தால் அறிக்கை 30 வேலை நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கும். எழுத்தில் கருத்துக் கொடுக்கலாம். ஆரம்பச் சூழல் பரிசோதனை என்ற சுருக்கமான ஆய்வு மட்டும் என்றால் அந்த 30 நாள் கட்டாயமில்லை. ஆகவே எந்த அறிக்கை கேட்டார்கள் என்பதை முதலில் விசாரியுங்கள். அந்த 4 ஹெக்டேயர் வரம்பைத் தாண்டாமல் காட்ட, திட்டத்தை 3 ஹெக்டேயர் துண்டுகளாகப் பிரித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.