வெளிநாட்டில் புதுப் பணித்தளம், அதில் பிள்ளைகள்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கென்யாவில் பிள்ளைகளுக்கான பணியில் சில வருடம் இருந்துவிட்டு, இப்போது எங்கள் கத்தோலிக்கக் கன்னியர் சபையில் புதுப் பணித்தளங்களுக்கான வேலையைப் பார்க்கும் சிஸ்டர் நான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: தோத்திரம் சிஸ்டர். ஒரு புது நாட்டுக்குப் போவதை யார் முடிவு செய்வார்கள்? சபைத் தலைவி மதர் ஜெனரலா?

அவர் மட்டும் நினைத்தால் போதாது. அந்த ஊர் ஆயர் (பிஷப்) எழுத்தில் சம்மதம் தராமல் ஒரு மடம்கூடத் திறக்க முடியாது, திருச்சபைச் சட்டம் 609 அதைத்தான் சொல்கிறது. பெரும்பாலும் ஆயரே முதலில் கடிதம் போடுவார். அன்னை தெரசாவின் சபையையே பாருங்கள், 1950-ல் கல்கத்தாவில் தொடங்கியது, 1965-ல் ரோமின் அங்கீகாரம் கிடைத்த பிறகுதான் இந்தியாவுக்கு வெளியே முதல் இல்லத்தைத் திறந்தது. வெனிசுவேலாவில் கொகொரோத்தே என்ற ஊர், அதுவும் அங்கிருந்த ஆயர் கூப்பிட்டு.

சம்மதத்தோடு, ஆயர் ஒப்படைக்கும் வேலைக்கு எழுத்து ஒப்பந்தமும் வேண்டும் (சட்டம் 681): என்ன வேலை, எத்தனை சிஸ்டர்கள், பணம் யாருடையது. ‘நமக்குள்ளே என்ன பத்திரம்’ என்று விட்டுவிட்டால், ஆயர் மாறியதும் கட்டிய பள்ளிக்கூடம் யாருடையது என்று சண்டை வரும்.

கேள்வி: எங்கள் பங்குக் கோயிலில் பணம் சேர்த்து ஆப்பிரிக்காவில் ஓர் அனாதை இல்லம் கட்டித்தர ஆசை. எவ்வளவு ஆகும் சிஸ்டர்?

ஆசைக்கு நன்றி. ஆனால் கட்டாதீர்கள்.

கென்யாவில் 2017 நவம்பரிலேயே புது ஹோம்களுக்குப் பதிவு கொடுப்பதை அரசு நிறுத்திவிட்டது. 2022-ல் புதுச் சிறார் சட்டம் வந்தது, இருக்கிற ஹோம்களையும் பத்து வருடத்தில் படிப்படியாகக் குறைத்து, பிள்ளைகளைக் குடும்பங்களுக்கு அனுப்புவதுதான் இப்போதைய திட்டம். ருவாண்டா அதற்கும் முன்பே இந்த வழியில் இறங்கிவிட்டது. இதெல்லாம் அரசின் கெடுபிடி என்று நினைக்காதீர்கள். ஹோமில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார், இல்லையென்றால் பாட்டி இருக்கிறார். வீட்டில் மூன்று வேளைச் சோறு இல்லை, பள்ளிக்குக் கட்டப் பணமில்லை, ஹோமில் இரண்டும் உண்டு. எந்தத் தாய்தான் கொண்டுவந்து விடமாட்டாள்? நாம் கட்டில் போடப் போட, அந்தக் கட்டிலுக்கு ஒரு பிள்ளை வீட்டைவிட்டு வந்துகொண்டே இருக்கும்.

நைரோபியில் ‘ந்யும்பானி’ என்று ஒரு இல்லம். எச்.ஐ.வி. தொற்றோடு கைவிடப்பட்ட பிள்ளைகளுக்காக 1992-ல் இயேசு சபைக் குரு ஆஞ்சலோ டி'அகொஸ்தினோவும் லொரேட்டோ சபை சிஸ்டர் மேரி ஓவென்ஸும் தொடங்கியது. அன்றைக்கு அந்தப் பிள்ளைகளை வாங்கிக்கொள்ள ஆளே இல்லை, அதனால் அங்கே இல்லம் தேவைப்பட்டது, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர்களே 1998-ல் ‘லேயா தோதோ’ என்ற வேலையை ஆரம்பித்து, நைரோபியின் குடிசைப் பகுதிகளில் சொந்தக்காரர்களோடு இருக்கும் பிள்ளைகளுக்கு மருந்து, சாப்பாடு, ஆலோசனை என்று கொண்டுபோனார்கள். பிறகு கிதுயி என்ற பகுதியில் ஒரு கிராமமே உருவாக்கினார்கள், பெற்றோரை இழந்த பிள்ளைகளும் பிள்ளைகளை இழந்த பாட்டி தாத்தாக்களும் ஒரே வீட்டில். உங்கள் பணத்தை ஒரு சமூகப் பணியாளரின் சம்பளத்துக்குக் கொடுங்கள். கல்வெட்டில் பேர் வராது, அவ்வளவுதான்.

கேள்வி: அப்படியானால் சிஸ்டர்கள் அங்கே போய் என்னதான் செய்வார்கள்?

முதல் வருடம் மொழி. சுவாஹிலி படித்துவிட்டு நைரோபித் தெருவில் இறங்கினால் பிள்ளைகள் சுவாஹிலியும் ஆங்கிலமும் கலந்த ‘ஷெங்’ பேசுவார்கள், மறுபடி முதலிலிருந்து! அதோடு பணி அனுமதி, சபையின் பதிவு, சிறார் நல அதிகாரியோடு அறிமுகம். பிறகு வீடு வீடாகப் போவது. யார் பள்ளிக்கு வரவில்லை, எந்தத் தாய் நோயில் கிடக்கிறாள், எந்தப் பாட்டி ஐந்து பேரை வைத்துக்கொண்டு திண்டாடுகிறாள் என்று தெரிந்துகொள்ளவே மாதக்கணக்காகும். உகாண்டாவில் துறவியர் சங்கமே 2016-ல் பிள்ளைகளைக் குடும்பங்களில் வளர்ப்பதற்கென ஓர் இயக்கம் தொடங்கி, ஹோம் நடத்தும் சிஸ்டர்களைச் சமூகப் பணி படிக்க அனுப்பியது. ஜெபமும் பாசமும் மட்டும் போதாது என்று அவர்களே உணர்ந்து செய்தது, அதனால்தான் எனக்கு அதன்மேல் மரியாதை.

கேள்வி: இரண்டு மாதம் வந்து பிள்ளைகளோடு விளையாடி உதவலாமா?

வேண்டாம் தம்பி. ஏற்கெனவே விட்டுப்போனவர்களையே பார்த்த பிள்ளை உங்களிடமும் ஒட்டிக்கொள்ளும், நீங்களும் விமானம் ஏறிவிடுவீர்கள். கணக்கு எழுதத் தெரியுமா, பிசியோதெரபி தெரியுமா, சொல்லுங்கள். அங்குள்ள ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுக்க வரலாம், அதற்கும் போலீஸ் சான்றிதழ் வேண்டும்.

கேள்வி: பழைய துணி அனுப்பலாமா?

அங்கே சந்தை முழுக்க பழைய துணிதான், ‘மிதும்பா’ என்று மலைமலையாகக் கிடக்கிறது. அனுப்ப வேண்டாம்.

கேள்வி: நேராகவே கேட்கிறேன். இதெல்லாம் மதம் மாற்றத்தானே?

நேராகவே சொல்கிறேன். பெற்றோர் ஒருவரோ சட்டப்படியான பாதுகாவலரோ சம்மதிக்காமல் சாகும் நிலையில் இல்லாத ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது எங்கள் திருச்சபைச் சட்டப்படியே தவறு (எண் 868). முஸ்லிம் வீட்டுப் பிள்ளை என்றால் பதிவேட்டில் அப்படியே எழுதி, அவர்கள் உறவுக்குள்ளேயே வளர்க்க ஆள் தேடுவோம். இதை மீறி யாராவது செய்தால் தப்பு தப்புதான், அங்கி போட்டிருந்தாலும்.

கேள்வி: அயர்லாந்தில் கன்னியர் நடத்திய இல்லங்களில் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமைகளைப் படித்த பிறகு உங்களை எப்படி நம்புவது?

நம்பாதீர்கள், சரிபாருங்கள். 2009-ல் வெளிவந்த அந்த நாட்டு விசாரணை அறிக்கையை எங்கள் இளம் சிஸ்டர்களை நான் படிக்கச் சொல்வதுண்டு. பூட்டிய கதவு, கேள்வி கேட்க ஆளில்லாத மதர், வீட்டோடு தொடர்பற்ற பிள்ளை, மூன்றும் சேர்ந்தால் எந்த நாட்டிலும் அதுதான் நடக்கும். ஒரு பணித்தளத்துக்குப் பணம் தருவதற்கு முன் கேளுங்கள்: பிள்ளையை எடுத்துக்கொள்ள நீதிமன்ற உத்தரவு இருக்கிறதா, சபைக்கு வெளியே புகார் கொடுக்க வழி இருக்கிறதா, வீட்டார் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா? கென்யாவில் சிறார் உதவி எண் 116. அதைப் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் எழுதி வைக்கத் தயங்கும் இல்லத்துக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அரசாங்கம் திடீரென்று வெளியேறச் சொன்னால்?

போக வேண்டியதுதான். நிகராகுவாவில் 1988 முதல் இருந்த அன்னை தெரசா சபை சிஸ்டர்கள் 18 பேர் 2022 ஜூலையில் எல்லை தாண்டி கோஸ்டா ரிகாவுக்குப் போனார்கள். குழந்தைகள் காப்பகமும் வளரிளம் பெண்களுக்கான இல்லமும் நடத்த முறையான அங்கீகாரம் இல்லை என்பது அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. அதன் பின்னால் அரசியல் இருந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் காகிதம் ஒழுங்காக இருக்க வேண்டும், பொறுப்பில் உள்ளூர் ஆட்களும் இருக்க வேண்டும். வெளிநாட்டு சிஸ்டர்கள் மட்டுமே நடத்தும் வேலை அவர்கள் விசாவோடு முடிந்துவிடும்.

கேள்வி: என் மகள் சபையில் சேர விரும்புகிறாள். உடனே ஆப்பிரிக்கா அனுப்பிவிடுவீர்களா?

இல்லை அம்மா. நவசந்நியாசம் என்ற பயிற்சிக் காலமே குறைந்தது ஒரு வருடம், முதல் வார்த்தைப்பாட்டுக்குப் (துறவற வாக்குறுதிக்கு) பிறகு நித்திய வார்த்தைப்பாடு வரை இன்னும் மூன்று வருடமாவது, சில சபைகளில் ஆறு. நடுவில் படிப்பு வேறு. சமூகப் பணியோ நர்சிங்கோ படிக்க அவளுக்கு விருப்பமிருந்தால், சேருவதற்கு முன்பே படித்துவிட்டு வரட்டும்.